அலவாங்கும் பற்றரி டிறிலும்: தண்ணீருக்குத் துளை போட்ட கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

குளிர்காலம் வந்தால் கனடாவில் இருக்கிற எங்கட பிள்ளையள் அனுப்புகிற வீடியோக்களில் ஒன்றாவது இப்படி இருக்கும். உறைந்துபோன ஏரிக்கு நடுவில் ஒருவர் நிற்பார். அவர் கையில் நாங்கள் சுவரில் ஆணி அடிக்கத் துளை போடுகிற அதே பற்றரி டிறில். அதன் வாயில் சின்ன அலகுக்குப் பதிலாக இடுப்பளவு நீளமான இரும்புத் திருகு பூட்டியிருக்கும். விசையை அழுத்தினால் பனிக்கட்டி துருவின தேங்காய்ப்பூப் போல மேலே வந்து கொட்டும். கொஞ்ச நேரத்தில் கீழே கறுப்பாகத் தண்ணீர் தெரியும். தூண்டிலை இறக்கிவிட்டு அவர் கதிரையில் இருந்துவிடுவார்.

பார்த்துவிட்டு "அங்கத்தைய ஆக்களுக்கு வேற வேலையில்லை" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடினமான ஒரு தட்டு, அதற்குக் கீழே தண்ணீர், தண்ணீரை எட்ட ஒரு துளை. எங்களுடைய ஊர் இருப்பதே அப்படித்தான். அங்கே பனிக்கட்டி, இங்கே சுண்ணக்கல். அங்கே அந்தத் துளை மீனுக்கு, இங்கே வீட்டுக்கும் தோட்டத்துக்கும்.

துளை போடுகிற கருவி காலத்தோடு எப்படி மாறியது, அதை யார் சுழற்றினார்கள், சுழற்றுவது சுலபமானபோது கீழே இருந்த தண்ணீருக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கருவி.

தச்சுவேலை செய்பவர்களின் பெட்டியில் இருந்த துறப்பணத்தை மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து, மத்தில் தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் சுழலவைப்பார்கள். உலகத்தின் மிகப் பழைய கருவிகளில் அதுவும் ஒன்று. மின்சார டிறிலின் மூதாதை அதுதான்.

எந்தத் துறப்பணத்துக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, வெட்டுவது. மற்றது, வெட்டின தூளை வெளியே கொண்டுவருவது. இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. தூள் வெளியே வராவிட்டால் அலகு இறுகி நின்றுவிடும். அதனால்தான் பெரிய துளை போடுகிற அலகுகளைத் திருகு வடிவில் செய்கிறார்கள். சுழலும்போது அந்தத் திருகு தூளை ஏணிப்படி ஏற்றுவதுபோல மேலே தள்ளுகிறது. தண்ணீரை மேலே ஏற்ற ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்குகிற திருகும் இதே தத்துவம்தான்.

இந்த இரண்டாவது வேலை எவ்வளவு முக்கியம் என்பதைச் சந்திரனில் கற்றுக்கொண்டார்கள். 1971 இல் அப்பலோ 15 இல் போன டேவிட் ஸ்கொட், சந்திரனின் தரையில் பற்றரியால் ஓடுகிற ஒரு டிறிலை வைத்துத் துளை போட்டார். சுமார் 3 மீற்றர் ஆழம் போக நினைத்திருந்தார்கள். பாதி தூரம் போனதும் இறுகிவிட்டது. குழாய்களைப் பூட்டுகிற மூட்டுகளில் திருகுவரி ஒழுங்காகத் தொடராததால் தூள் மேலே வர வழியில்லாமல் போனதுதான் காரணம். அடுத்த பயணத்துக்கு முன் அந்த மூட்டைத் திருத்தினார்கள். விசை எவ்வளவு இருந்தாலும் வடிவம் பிழைத்தால் துளை இல்லை.

இனி, சுழற்றுகிற விசை.

உடுவில் மகளிர் கல்லூரி 1824 இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையாகத் தொடங்கியது. அந்தக் காலத்தில் உலகத்தில் எந்த மூலையிலும் துறப்பணத்தைக் கையில் பிடித்து வேலை செய்பவர் தன் தசையால்தான் சுழற்றினார். அதற்கு 71 வருடங்கள் கழித்து, 1895 இல், ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் ஃபைன் என்ற நிறுவனம் கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய மின்சார டிறிலைச் செய்தது. 1917 இல் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் துப்பாக்கி மாதிரிப் பிடியும் விரலால் அழுத்துகிற விசையும் உள்ள டிறிலுக்குக் காப்புரிமை பெற்றது. இன்றைக்கு எங்கள் வீடுகளில் இருக்கிற டிறிலின் உருவம் அதுதான். ஏறக்குறைய அதே காலத்தில்தான் போல் ஈ. பீரிஸ் எங்கள் கந்தரோடையில் தொல்பொருள் ஆய்வு செய்துகொண்டிருந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் திகதி மனதில் நிற்கும்.

ஆனால் அந்த டிறிலுக்கு வயர் இருந்தது. வயர் எட்டுகிற இடம் வரைதான் வேலை. 1961 இல் அதே நிறுவனம் நிக்கல் கட்மியம் பற்றரியில் ஓடுகிற, வயர் இல்லாத டிறிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு கழற்றிப் பூட்டுகிற பற்றரி வந்தது. 2000 களின் நடுப்பகுதியிலிருந்து லித்தியம் பற்றரி வந்ததும் கருவி இலேசாகவும் பலமாகவும் ஆனது. மின்சாரமே இல்லாத ஏரி நடுவுக்கு டிறில் போனது இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். நல்ல தேகபலம் உள்ள ஒருவர் நாள் முழுவதும் தொடர்ந்து வேலை செய்யும்போது அவருடைய உடம்பு தருகிற வலு ஏறக்குறைய 75 வாற். 18 வோல்ட், 5 அம்பியர் மணி என்று எழுதியிருக்கிற ஒரு பற்றரியில் 18 ஐ 5 ஆல் பெருக்க 90 வாற் மணி சக்தி இருக்கிறது. அதாவது ஒரு ஆள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செய்கிற வேலை, ஒரு செங்கல்லை விடச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை டிறில் சில நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் ஒரு ஆபத்தும் உண்டு. பனிக்கட்டிக்குள் திருகு இறுகினால் மோட்டர் நிற்காது, பிடித்திருப்பவரின் மணிக்கட்டைத்தான் முறுக்கும். அதனால் பக்கத்துப் பிடி பூட்டி, இரண்டு கையாலும் பிடித்து, குறைந்த வேகக் கியரில் ஓட்டுகிறார்கள். குளிரில் பற்றரியின் பலம் குறையும் என்பதால் மாற்றுப் பற்றரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்கிறார்கள். டிறிலின் வாய் கழன்றால் திருகு நேரே ஏரியின் அடிக்குப் போய்விடும். அதைத் தடுக்கத் துளையை விட அகலமான ஒரு தட்டை மேலே பூட்டுகிறார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இவ்வளவு கருவி வைத்திருக்கிற ஆட்களில் பலர் இன்னும் ஒரு நீண்ட இரும்புக் கம்பியையும் கொண்டுதான் ஏரிக்குள் இறங்குகிறார்கள். எங்கட அலவாங்கு மாதிரி ஒரு சாமான். டிறில் வருவதற்கு முன் அந்தக் கம்பியால் குத்திக் குத்தித்தான் துளை போட்டார்கள். இப்போது துளை போட அது தேவையில்லை. ஆனாலும் நடக்கும்போது ஒவ்வொரு சில அடிக்கும் முன்னால் ஓங்கிக் குத்திப் பார்ப்பார்கள். கம்பி கீழே போனால் பனி மெல்லியது, வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு ஆள் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிப்பு இருக்கவேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. டிறில் துளை மட்டும்தான் போடும், நிற்கிற இடம் தாங்குமா என்று அலவாங்குதான் சொல்லும்.

ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரி இந்தப் பனிமீன் பிடிப்புக்குப் பேர்போனது. எங்கள் ஆட்கள் அனுப்புகிற வீடியோக்கள் சில அங்கே எடுத்தவையாக இருக்கலாம். மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும். பிடிக்கிற மீனுக்கு எண்ணிக்கை உண்டு. பனிக்கு மேல் வைக்கிற குடிலுக்கு இலக்கம் பதிந்திருக்க வேண்டும், பனி உருகமுன் குறித்த திகதிக்குள் அகற்றவேண்டும். துளை போடுவது இவ்வளவு சுலபமான பிறகு, எத்தனை பேர் எத்தனை துளையால் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் காவல் நிற்கிறது.

அப்படி இருந்தும் அந்த ஏரிக்கு நோய் வந்தது. தோட்டத்துப் பசளையிலும் ஊர்க் கழிவுநீரிலும் இருந்து பொஸ்பரசு சேர்ந்து, பாசி பெருகி, ஆழத்துத் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தது. குளிர்ந்த ஆழத்தில் வாழுகிற ட்ரவுட் மீன் தானாகப் பெருகமுடியாத நிலைக்கு வந்து, குஞ்சு வளர்த்து விடவேண்டியதாயிற்று. 2008 இல் அந்த ஒரு ஏரிக்கென்றே ஒன்ராறியோ மாகாணம் தனிச் சட்டம் இயற்றியது. மேலே போட்ட துளைகளால் வராத கேடு, கரையில் இருந்த தோட்டங்களாலும் வீடுகளாலும் வந்தது.

இனி எங்கட ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடிக் கடலேரிக்குப் போகிறது. எங்களுக்கு இருப்பது மழை, செம்மண், அதன் கீழே சுண்ணக்கல். இந்தக் கல் மயோசீன் காலத்துக் கடலடியில் உருவானது. மழைத்தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்கியிருக்கிறது. மாரிமழை அந்த வெடிப்புகளால் இறங்கிக் கல்லுக்குள் தங்குகிறது. கீரிமலையில் கடற்கரையோடு ஒட்டி நன்னீர் ஊறுவதும், நிலாவரையின் ஆழமும் இதே கல்லின் வேலைதான்.

நிலாவரையை வேடிக்கை பார்க்கப் போகிறோம். அதில் ஒரு பாடமும் இருக்கிறது. அங்கே மேல்மட்டத்தில் நன்னீர், ஆழத்தில் உவர் நீர். குடாநாடு முழுவதன் நிலையும் அதுதான். நாங்கள் குடிக்கிற தண்ணீர், கல்லுக்குள் புகுந்திருக்கிற கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரை விடக் கொஞ்சம் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மேலே நிற்கிறது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான படோன் கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியாகக் கண்டது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே நீர்மட்டம் நிரந்தரமாக 1 அடி குறைந்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். அதோடு ஒரு துளையில் பலமாக இறைத்தால் அந்தத் துளைக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்பும்.

எங்கள் முன்னோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கத் தேவையில்லை. அவர்களுடைய கருவி அவர்களை எல்லை தாண்ட விடவில்லை.

கிணறு வெட்டியது மண்வெட்டியாலும் அலவாங்காலும், கல் வந்த பிறகு உளியாலும் சம்மட்டியாலும். கல்லை உடைத்துக் கடகத்தில் ஏற்றி வெளியே கொட்டவேண்டும். துறப்பணத்தின் இரண்டு வேலையையும் அங்கே மனிதர்களே செய்தார்கள். ஊற்றுக் கண்டதும் நிறுத்துவார்கள், அதற்குக் கீழே போக உடம்பும் இடம் கொடுக்காது, தண்ணீரும் இடம் கொடுக்காது.

இறைத்தது துலாவால். ஆடுகால் நட்டு, துலா ஏற்றி, மேலே ஒருவரோ இருவரோ ஏறி நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, வாய்க்காலில் ஒருவர் நின்று தண்ணி மாறுவார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்போது முடியும். புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் அந்த இறைப்பில் விளைந்தவைதான். மிதிக்கிற ஆளின் கால் களைக்கும்போது இறைப்பும் நிற்கும். மிச்ச நேரம் ஊற்று ஊறும். யாரும் சட்டம் போடவில்லை, களைப்புத்தான் சட்டம்.

கந்தரோடையில் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் செய்த அகழ்வு, அங்கே 2000 வருடங்களுக்கும் முந்திய குடியிருப்பு இருந்ததைக் காட்டியது. இரண்டாயிரம் வருடங்களாக இந்த ஒரே கல்லுக்குள் இருக்கிற தண்ணீர் சனத்தைத் தாங்கியிருக்கிறது. எடுக்கிற வேகம் ஊறுகிற வேகத்தைத் தாண்டாதது அதற்கு ஒரு பெரிய காரணம்.

சுதந்திரத்துக்குப் பிந்திய காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மெசின் பரவியது. பழைய கணக்கையே பாவித்துப் பார்ப்போம். 2 குதிரைவலு மெசின் ஏறக்குறைய 1500 வாற். 75 ஆல் பிரித்தால் 20 ஆள். ஒரு கிணற்றங்கரையில் 20 பேர் களைக்காமல் நின்று இறைப்பதற்குச் சமன். தோட்டக்காரருக்கு அது பெரிய விடுதலை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். துலா மிதித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு அந்த மெசினும் ஒரு காரணம். ஆனால் கால் களைத்து நிற்கிற சட்டம் அன்றோடு போய்விட்டது. கிணறு வற்றினால்தான் மெசின் நிற்கும்.

பிறகு யுத்தம். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் சீமெந்தும் சாதாரண ரோச் பற்றரியும் கூடத் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் விலை ஏற, மூலையில் கிடந்த துலாக்கள் சில திரும்ப எழும்பின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட காலம் அது. நீங்கள் பலர் அந்தச் சில்லைச் சுற்றியிருப்பீர்கள். பற்றரி என்றால் என்ன, சேமித்து வைத்த விசை என்றால் என்ன என்பது அந்தத் தலைமுறைக்குப் புத்தகத்தில் படிக்கவேண்டிய விஷயமில்லை.

அந்த வருடங்களில் ஒக்ரோபர் 30 என்ற திகதி எங்கள் இரண்டு சனத்துக்கும் விழுந்தது. 1990 இல் அன்றைக்கு யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அலவாங்கும் மண்வெட்டியும் சங்கிலியும் விற்ற இரும்புக்கடைகள் பல அன்றோடு பூட்டப்பட்டன. 1995 இல் அதே திகதியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. இரண்டு முறையும் பின்னால் விட்டுப்போனவற்றில் கிணறும் ஒன்று. திரும்பி வந்தவர்கள் முதலில் செய்தது கிணறு இறைத்துத் துப்பரவாக்கியதுதான். கிணறு இல்லாமல் வீடு திறக்கமுடியாது என்பது நாங்கள் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது.

யுத்தம் முடிந்த பிறகு துளை போடுகிற இயந்திரங்கள் தாராளமாக வந்தன. இப்போது குழாய்க்கிணறு அடிப்பதென்றால், லொறியில் வருகிற இயந்திரம் காற்றழுத்தத்தால் கல்லைக் குத்தித் தூளாக்கி, அதே காற்றால் தூளை மேலே ஊதி எறிந்துவிடும். துறப்பணத்தின் அதே இரண்டு வேலை. கைவேலையில் மாதக்கணக்கில் போன ஆழத்தை அது ஒரு நாளுக்குள் தாண்டும். கதியால் நட அலவாங்கால் குழி தோண்டின இடத்தில், பற்றரி டிறிலில் மண் திருகு பூட்டிக் குழி எடுக்கிற காலமும் வந்துவிட்டது. கதியால் குழியால் யாருக்கும் கேடில்லை. தண்ணீரை எட்டுகிற துளை அப்படியில்லை.

என்ன கேடு என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, உப்பு. வெட்டுக்கிணறு நன்னீர்த் தட்டின் மேற்பகுதியில் அகலமாக நின்று எடுக்கிறது. ஆழத்துளை நன்னீரைத் தாண்டிக் கீழே போய்விடலாம். ஆழம் போனால் தண்ணீர் கூட வரும் என்ற எண்ணம் வேறு ஊர்களில் சரியாக இருக்கலாம். குடாநாட்டில் ஆழம் போனால் கிடைப்பது கடல். ஒருவருடைய துளையில் உப்பு ஏறினால் அது அவருடைய வேலியோடு நிற்காது.

இரண்டாவது, அழுக்கு. வெடிப்புள்ள சுண்ணக்கல் தண்ணீரை வடிகட்டாது, வழிவிடும். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன என்பது பல வருடங்களாக ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவருகிற விஷயம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற பச்சைக்குழந்தை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. சிம்கோ ஏரியின் கதையும் இதுவும் ஒன்றுதான். தண்ணீருக்குக் கேடு துளையால் மட்டும் வருவதில்லை, மேலே நாங்கள் கொட்டுவது கீழே போய்ச் சேருகிறது. மூடாத துளை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு குறுக்குவழி.

மூன்றாவது, உயிர். 2019 ஒக்ரோபரில் தமிழ்நாட்டில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததை நாங்கள் இங்கே இரவிரவாகத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இன்னொரு துளை போட்டு இறங்கப் பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன. பாறை விட்டுக்கொடுக்கவில்லை. நாலு நாளில் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. கைவிட்ட துளையை மூடவேண்டும், வேலி அடைக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010 இலேயே வழிகாட்டல் கொடுத்திருந்தது. ஒரு மூடி இருந்திருந்தால் போதும். பனி ஏரியில் மீன் பிடிப்பவர்கள் விட்டுப்போகிற துளையில் ஒரு மரக்கொப்பை நட்டுவிட்டுப் போகும் பழக்கம் உண்டு, பின்னால் வருபவரின் கால் உள்ளே போகாமல் இருக்க. அவ்வளவு சின்ன வேலை.

இதையெல்லாம் சொல்வதால் துலாவுக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. மிதித்தவர்களின் முழங்காலைக் கேட்டால் அது பதில் சொல்லும். டிறிலும் நல்லது, மெசினும் நல்லது. ஆனால் முந்தி கருவிக்குள்ளேயே இருந்த கட்டுப்பாடு இப்போது கருவியில் இல்லை. அதை நாங்கள் வெளியில் இருந்து கொண்டுவந்து வைக்கவேண்டும். பனி ஏரிக்காரர் டிறிலோடு அலவாங்கும் கொண்டுபோவதுபோல, தட்டிப் பார்க்கிற ஒரு சாமான் எங்களுக்கும் வேண்டும்.

அது பெரிய செலவான சாமான் இல்லை. என்னுடைய வேண்டுகோள்கள் இவை:

உங்கள் வீட்டுக் கிணற்றில் மாதம் ஒருமுறை, காலையில் இறைக்கமுன், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அளந்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். ஐந்து வருடக் கொப்பி ஒன்று எந்த நிபுணருக்கும் உதவும்.

வருடத்தில் ஒருமுறையாவது, முக்கியமாகக் கோடை முடிவில், தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உப்பும் நைத்திரேற்றும் இரண்டையும் கேளுங்கள். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்குக்குத் தெரியாது.

குழாய்க்கிணறு அடிக்கத்தான் வேண்டும் என்றால், இயந்திரக்காரருக்குச் சொல்லமுன் நீர்வளச் சபையிடமும் பிரதேச சபையிடமும் கேளுங்கள். எத்தனை அடிக்கு விலை என்று கேட்பதோடு, எத்தனை அடியில் நிறுத்தவேண்டும் என்பதையும் கேளுங்கள்.

பாவிக்காத துளை இருந்தால் இந்தக் கிழமையே மூடுங்கள். பலமான மூடி, அதற்கு மேல் சீமெந்து.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை அளந்து பாருங்கள், உங்கள் பக்கம் மட்டுமில்லாமல் அயலவரின் குழியையும் சேர்த்து. காணித்துண்டுகள் சின்னதாகிவிட்ட காலம் இது.

மாரியில் கூரைத்தண்ணீரை வீதிக்கு விடாமல் வளவுக்குள் இறங்க விடுங்கள். கேணியும் குளமும் தூர்ந்து கிடந்தால் ஊராகச் சேர்ந்து துப்பரவாக்குங்கள். நாங்கள் எடுக்கிறதைத் திருப்பி வைக்கிற ஒரே வழி அதுதான். எங்கள் மார்க்கம் ஓடுகிற ஆற்றங்கரையில் வுழூ செய்தாலும் வீண்செலவு செய்யாதே என்கிறது. ஆறே இல்லாத ஊரில் இருக்கிற எங்களுக்கு அது இன்னும் பொருந்தும், எந்தச் சமயத்தவராக இருந்தாலும்.

2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பெருஞ்செலவில் மின்சாரத்தைக் கொடுத்து உப்பைப் பிரித்து எடுக்கிற தண்ணீர் அது. எங்கள் காலடியில் மழை சும்மா பிரித்து வைத்த தண்ணீர் இருக்கிறது. அதை உப்பாக்கிவிட்டுப் பிறகு காசு கொடுத்து உப்பெடுப்பது புத்தியான காரியமில்லை.

இறுதியாக, மூத்தவர்களிடம் ஒரு உதவி. உங்கள் வளவுக் கிணறு எத்தனை முழத்தில் வெட்டியது, எந்த அடியில் கல் வந்தது, துலாக் காலத்தில் கோடையில் தண்ணீர் எவ்வளவுக்கு இறங்கும், எந்த வருடம் முதல் ருசி மாறியது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். எழுதக் கஷ்டமானால் பேரப்பிள்ளையைக் கொண்டு குரலில் பதிந்து அனுப்புங்கள். உடுவிலின் தண்ணீர் வரலாறு இன்னும் உங்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது. அதைச் சேர்த்து வகுப்பறைச் சுவரில் ஒரு வரைபடமாகப் போட ஆசை. பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணறுகளை அதில் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

 பிரயோசனமாக இருந்தால் உங்கள் ஒழுங்கையில் குழாய்க்கிணறு அடிக்க யோசிக்கிற ஒருவருக்காவது அனுப்பிவிடுங்கள்.